தரையில் இருந்த சொற்கள்

பேச்சு வராத தர்ஷிகாவுக்குப் பள்ளியில் ஒரு டேப்லெட் கொடுத்திருந்தார்கள். படத்தைத் தொட்டால் அதன் கீழுள்ள சொல்லை அது வாசிக்கும். ஏழு வயது மகள் "அம்மா" என்றதை அந்தக் குரலில்தான் குணவதி முதன்முதலில் கேட்டாள். கேட்கும்போதெல்லாம் சொக்கிப்போய்க் கண்ணை மூடிக்கொள்வாள்.

"டேப்லெட் குடுத்த திட்டம் முடிஞ்சிருச்சுக்கா, எங்க கையில ஒண்ணும் இல்ல" என்று டீச்சர் டேப்லெட்டைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் தர்ஷிகா சோற்றுத் தட்டை ஒதுக்கிவிட்டு வெறும் தரையை விரலால் தொட்டாள். மேலே ஓரிடம், நடுவில் ஓரிடம், ஓரத்தில் ஓரிடம். பிறகு அம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"என்னடி கண்ணு? தண்ணி வேணுமா? வயிறு வலிக்குதா?"

டேப்லெட்டில் எந்த இடத்தில் எந்தச் சொல் இருந்தது என்று குணவதி ஒருநாளும் பார்த்ததில்லை.

தர்ஷிகா அவள் விரலைப் பிடித்து அதே இடங்களில் அழுத்திக் காட்டினாள். கேட்பதற்காகக் குணவதி கண்ணை மூடிக்கொண்டாள்.