முழுப் பெட்டி

கோபம் வந்தால் எதையும் வீசக் கூடாது. ஒரு தீக்குச்சியை ஒடித்துப் பெட்டிக்குள்ளேயே போட்டுவிட வேண்டும். சனிக்கிழமை வட்டமாக உட்கார்ந்து, எந்தக் குச்சி யாரால் ஒடிந்தது என்று சொல்ல வேண்டும். கோவில்பட்டியில் ஆறு பிள்ளைகளுக்கு ஆஸ்லின் டாக்டர் செய்துவந்த வைத்தியம் அது.

"எனக்கு ஒரு பெட்டி காணாது டாக்டர், பண்டலாத் தாங்க" என்றான் ஹரி. எல்லாரும் சிரித்தார்கள்.

பத்தாம் வகுப்பு ஜெயப்பிரியா சிரிக்கவில்லை. மூன்று வாரமாக வாய் திறக்காதவள், இன்று சொல்லிவிடுவது என்றே வந்திருந்தாள். நேற்றுவரை முப்பத்தொரு குச்சி ஒடித்திருந்தாள். அத்தனைக்கும் ஒரே காரணம். அம்மாதான் பெட்டியை மறக்காமல் எடுத்துவந்து கையில் கொடுத்திருந்தாள்.

"இன்னைக்காவது பேசுதியாம்மா?" என்று கேட்டார் டாக்டர்.

தலையாட்டிவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். ஒரு குச்சிகூட ஒடிந்திருக்கவில்லை.

"அடேயப்பா! எல்லாரும் கைதட்டுங்க" என்றார் டாக்டர்.

கைதட்டல் கேட்டு அம்மா உள்ளே வந்தாள். "பிள்ளைக்குக் குணமாயிட்டுல்லா டாக்டரம்மா? இனி வரவேண்டாம்னு எழுதிக் குடுங்க. வார தையில என் தம்பிக்கும் இவளுக்கும் கல்யாணம்."

ஜெயப்பிரியா பெட்டியையே பார்த்தாள். குச்சிகள் மருந்துத் தலை ஒரே பக்கமாக, இடைவெளி இல்லாமல் அடைக்கப்பட்டிருந்தன. அப்பா இறந்ததிலிருந்து தீப்பெட்டி ஆபீசில் பெட்டி அடைக்கிற அம்மாவின் கை அது.

ஒரு குச்சியை எடுத்து ஒடித்தாள்.

"இது எங்கம்மாவால ஒடிஞ்சது டாக்டர். முந்தி ஒடிஞ்ச முப்பத்தொண்ணும் மாமாவால."