நான்கு தீக்குச்சிகள்

கடல்காற்றில் எவ்வளவு கந்தகம் இருக்கிறது என்று அளப்பது என் வேலை. காற்றை உறிஞ்சும் குழாய் கப்பலின் முனையில் இருந்தது. அதனருகே யாரும் நெருப்பு பற்றவைக்கக் கூடாது. தீக்குச்சி மருந்திலும் கந்தகம் உண்டு.

"தம்பியக் கடல் கொண்டுபோன எடம் தாயி. ஒரே ஒரு மெழுகுதிரி," என்றார் குழாயருகே நின்ற மாலுமி சூசை.

பார்க்காததுபோல் நின்றேன். நான்காவது குச்சியில்தான் திரி பற்றியது.

கணினித் திரையில் கந்தக அளவின் கோடு நான்கு முறை எகிறியிருந்தது. "கடல் மூச்சு விடுதும்மா!" என்ற, ஆய்வை நடத்தும் பேராசிரியரின் கண்கள் கலங்கின. கடலே கந்தகத்தை வெளிவிடும் இடத்தைத்தான் முப்பது வருடமாகத் தேடினாராம். சொல்ல வாயெடுத்தேன்; சொல்லவில்லை.

மறுநாள் அவர் கப்பலை அதே இடத்துக்குத் திருப்பச் சொன்னார்.

சூசை என்னிடம் ஓடிவந்தார். "எனக்காகவா தாயி திருப்பச் சொன்னிய?"

கையில் புதுத் தீப்பெட்டி இருந்தது.