விழுப்புரம் வண்டி

"நீங்க எறங்குங்க. வண்டி கெளம்பற நேரம் ஆச்சு" என்றாள் செல்வாம்பாள், முகத்தைத் திருப்பாமலே.

"எறங்குறேன். நீ ஒண்ணும் வெரட்ட வேணாம்" என்றான் கிருஷ்ணசாமி. ஆனால் எழுந்திருக்கவில்லை.

புதுச்சேரி துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவன் அவன். இன்றைக்குச் சுமந்தது மனைவியின் தகர டிரங்கை. அவள் காலடியைப் பார்த்துக்கொண்டே ஸ்டேஷனுக்குள் வந்து, அவள் ஏறிய பெட்டியிலேயே ஏறியிருந்தான். உள்ளே வேறு ஆளில்லை. கூட்டம் ஆகாதென்று சொல்லி அவளே பார்த்துப் பிடித்த இடம்.

நேற்று தன் தங்கச்சி எதிரிலேயே, "இஷ்டமில்லன்னா உங்கம்மா வூட்டுக்குப் போ" என்று சொல்லிவிட்டான். விடிந்ததும் அவள் துணிமணியை எடுத்து வைத்துவிட்டாள். போகாதே என்று சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை.

"விழுப்புரத்துக்கு உங்கண்ணன் வருவாரா?"

"வராட்டி இன்னா? எனக்குக் காலில்லையா?"

"எப்பத் திரும்பி வருவே?"

"போன்னு சொன்னவங்களுக்கு அது எதுக்கு?"

அவன் எதிர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். அடுத்த தண்டவாளத்தில் இன்னொரு வண்டி ஆட்களோடு நின்றிருந்தது. ஜன்னலை அதுவே அடைத்திருந்தது. ஊதல் கேட்டது. அந்த வண்டியின் ஜன்னல்கள் மெதுவாக ஒவ்வொன்றாய் நகர்ந்து மறைந்தன.

"ஐயோ, கெளம்பிடுச்சு!" கிருஷ்ணசாமி துள்ளி எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டான். "நான் டிக்கெட் எடுக்கலையே!"

"குதிச்சுத் தொலைக்காதீங்க. காலு போயிடும்."

அவன் குதிக்கவில்லை. அவள் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்தான்.

"செல்வா, போவாத. கோவத்துல வாய் விட்டுட்டேன். தப்பு எம்மேலதான், தங்கச்சி எதிர்லயே சொல்றேன். அடுத்த ஸ்டேஷன்ல எறங்கி ரெண்டு பேரும் நடந்தே திரும்பிடலாம். நீ இல்லாத வூட்டுல நான் போய் இன்னா பண்ணுவேன்?"

அவள் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"சரி, டிரங்கைத் தூக்குங்க."

"ஓடற வண்டியிலேர்ந்தா?"

"ஓடுதா? எந்தப் பக்கம், கடலுக்கா?"

அவன் திரும்பிப் பார்த்தான். எதிர் ஜன்னலில் கடைசிப் பெட்டியும் கடந்துபோனது. அதற்கப்பால் ஒரு வேப்பமரம் அசையாமல் நின்றது.

"போனதுதான் விழுப்புரம் வண்டி" என்றாள் செல்வாம்பாள். "இதுக்கு எஞ்சினே மாட்டல. பாத்துட்டுத்தான் ஏறினேன்."