கண்ணாடியில் ஒட்டிய பொட்டு

செண்பகம் புதிதாகத் தொடங்கிய சமையல் வலைப்பூவுக்கு ஆளே வரவில்லை. முகநூலில் ஆள் சேர்க்கும் பொறுப்பை ஒரு செயற்கை நுண்ணறிவுச் செயலியிடம் கொடுத்தாள். கண்ணீருக்குத்தான் கூட்டம் கூடும் என்று கண்டுகொண்ட அது, அவள் கணவன் இறந்துவிட்டதாகப் பதிவு போட்டது. அந்தக் கணவன் நான்தான். மறுநாளே ஆயிரக்கணக்கில் இரங்கல்கள் வந்து குவிந்தன.

“அந்தப் பதிவை அழிச்சிடு செண்பகம்.”

“இப்பதாங்க நாலு பேர் படிக்கிறாங்க. கொஞ்ச நாள் பொறுத்துக்கோங்களேன்.”

அன்றிலிருந்து முகநூலில் சமையல் நேரலைக்கு முன் ஸ்டிக்கர் பொட்டை எடுத்துக் கண்ணாடியில் ஒட்டிவிடுவாள். நான் உள்ளறையில் இருமாமல் உட்கார்ந்திருப்பேன். முடிந்ததும் பொட்டு அவள் நெற்றிக்குத் திரும்பிவிடும்.

இன்று நேரலை முடிந்து எனக்குச் சோறு பரிமாறினாள். பொட்டு கண்ணாடியிலேயே இருந்தது. வெறும் நெற்றியைப் பார்த்ததும் எனக்குப் புரை ஏறியது.

என் உச்சந்தலையில் தட்டியபடி செண்பகம் சொன்னாள்:

“யாரோ உங்கள நினைக்கிறாங்க.”