மூன்றாவது தேர்வு

"பொம்பளைக்கு இது ஆகாதுன்னு ரெண்டு தடவை பெயில் போட்டேன். கேட்டியா?" என்றார் அறுவைப் பேராசிரியர்.

"அதான் மூணாவது தடவையும் வந்துட்டேனே சார்," என்றாள் மாணவி.

"சொல்லு. தொடையில குண்டுச் சிதறல். மேல இறுக்கிக் கட்டியாச்சு. அடுத்து?"

"சிதறலை எடுத்துட்டு, கிழிஞ்ச ரத்தக்குழாயைப் பிடிச்சு நூலால கட்டுவேன்."

"கை நடுங்குமே?"

"செங்கல் சுமந்த கை சார்."

"நோயாளி கத்தினா?"

"கத்தட்டும்னு வேலையைப் பார்ப்பேன்."

மற்ற டாக்டர்கள் எல்லோரும் போர்முனையில் இருந்தார்கள். காலையில் கல்லூரி மீது குண்டு விழுந்திருந்தது. அறுவை மேசையில் படுத்திருந்த பேராசிரியர், ரத்தத்தில் ஊறிய தன் தொடையைப் பார்த்தார்.

"அப்ப ஆரம்பி."

"பயப்படாதீங்க சார். எனக்கு மார்க் போட நீங்க உயிரோட இருந்தாகணும்," என்று கத்தியை எடுத்தாள்.