குருவிக்குச் சுளுக்கு

"என்னால இனிமே ஒரு அடிகூட எடுத்து வைக்க முடியாது," என்று பாறைமேல் உட்கார்ந்துவிட்டாள் குருவி.

மொத்தக் கூட்டமும் நின்றது. உச்சி அதோ, கண்ணுக்கு நேராகத் தெரிகிறது. நடுவில் ஒரே ஒரு குறுகலான பாதை. இரண்டு பக்கமும் கிடுகிடு பள்ளம், பிடித்துக்கொள்ள ஓர் இரும்புச் சங்கிலி. அதைத் தாண்டினால் முடிந்தது.

"என்னாச்சு?"

"கால் சுளுக்கிக்கிச்சு."

"மூணு வாரமா உச்சி, உச்சின்னு எங்க உயிரை எடுத்தது யாரு? இதுக்குன்னு புது ஷூ வேற வாங்கின," என்றான் வக்கீல். சட்டம் படிக்க வந்தவன். யார் மேலாவது குற்றம் சாட்டாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது.

கடல் கடந்து படிக்க வந்த இடத்தில், வாரம் பூராவும் வகுப்பும் பகுதி நேர வேலையுமாக ஓடி, மூச்சு விடக் கிடைப்பது சனிக்கிழமை ஒன்றுதான். அதையும் இவள் கெடுத்துவிட்டாளே என்ற கடுப்பு எல்லோர் முகத்திலும் அப்பட்டமாகத் தெரிந்தது.

சித்தப்பா முகத்தைத் தவிர.

அவர் அங்கே யாருக்கும் சித்தப்பா இல்லை. ஆராய்ச்சி மாணவர், விடுதியிலேயே வயதில் மூத்தவர் என்பதால் ஒட்டிக்கொண்ட பட்டம் அது. இந்த மலையேற்றத்துக்கு ஏற்பாடு செய்தவரும் அவர்தான். விடுதிச் சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டே அவர் விட்ட கதைகள் கொஞ்சமா நஞ்சமா? "மலையா? எனக்கு அது மாடிப்படி மாதிரி" என்பார். உண்மையில் மனிதர், மூன்றாவது மாடி பால்கனிக்குப் போய்த் துணி காயப்போடப் பயந்து, ஈரச் சட்டையை அறைக்குள் நாற்காலிமேல் போடுகிறவர். அந்த ரகசியம் அவருக்கும் நாற்காலிக்கும் மட்டும்தான் தெரியும்.

சங்கிலியைப் பார்த்ததுமே அவர் நைசாகக் கூட்டத்தின் கடைசிக்கு நழுவிவிட்டார். கடந்தால் உயிர் போகும், கடக்காவிட்டால் மானம் போகும். என்ன சொல்லித் தப்பிக்கலாம் என்று திருதிருவென்று முழித்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் குருவி உட்கார்ந்து, அவர் வயிற்றில் பாலை வார்த்தாள்.

சித்தப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"சரி, திட்டி என்ன ஆகப்போகுது? இவளைத் தனியா விட முடியாது. யாராவது ஒருத்தர் கூட இறங்கணும்."

ஆளாளுக்குக் குனிந்து ஷூ கயிற்றை இறுக்கிக்கொண்டார்கள். வக்கீல் உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"நீங்க எல்லாம் போங்கப்பா. நான் கூட்டிட்டுப் போறேன்."

"என்ன சித்தப்பா, ஏற்பாடு பண்ணதே நீங்கதான். நீங்க போய்..."

"எனக்கென்னப்பா, எத்தனையோ உச்சி பார்த்தாச்சு," என்று ஒரு பெருமூச்சு விட்டார். கொஞ்சம் கூடுதலாகவே விட்டுவிட்டார்.

"உங்களுக்குப் பெரிய மனசு, சித்தப்பா," என்றான் வக்கீல் நெகிழ்ந்துபோய். அப்படியே திரும்பிக் குருவியை முறைத்தான்.

குருவி தலையைக் குனிந்துகொண்டாள்.

சரிவு முடிந்து புல்வெளி வரும்வரை சித்தப்பா பேசவே இல்லை. காலுக்குக் கீழே சமதரை வந்ததும் குரலும் வந்துவிட்டது.

"இங்க பாரும்மா, மலைங்கிறது காலால ஏறுறது இல்ல. மனசால ஏறுறது."

"ஆமா, சித்தப்பா."

"உள்ளுக்குள்ள பயம் இருந்தா கால் தானா பிசகும்."

"அப்படியா, சித்தப்பா?"

"பின்ன? நானெல்லாம் உன் வயசுல..." என்று ஆரம்பித்தவர் அடிவாரம் வந்தும் முடிக்கவில்லை.

குருவி அவர் தோளைப் பிடித்துக்கொண்டு நொண்டினாள். வழியில் ஒரே ஒரு தடவை நின்று, உச்சியைத் திரும்பிப் பார்த்தாள். மற்றவர்கள் அங்கே புள்ளி புள்ளியாகக் கையை ஆட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கீழே பார்த்து நட. இன்னொரு காலும் போயிடப்போகுது," என்று அதட்டினார் சித்தப்பா. சும்மா சொல்லக்கூடாது, அடிவாரக் கடையில் அவளுக்கும் சேர்த்து அவர்தான் காபி வாங்கினார். நல்ல பெண்தான், தைரியம்தான் கொஞ்சம் போதாது என்று தனக்குள் தீர்ப்பும் எழுதிக்கொண்டார்.

சாயங்காலம் கூட்டம் ஆரவாரமாக இறங்கி வந்தது.

"அடடா, என்ன ஒரு காட்சி தெரியுமா? பாவம் சித்தப்பா, இவளால உங்களுக்குக் கொடுத்து வைக்கல," என்றான் வக்கீல்.

"என் தப்புதான்," என்றாள் குருவி.

"விடுங்க சித்தப்பா, ஈடு கட்டிடலாம். அடுத்த சனிக்கிழமை இதைவிடப் பெரிய மலை. செங்குத்தா இரும்பு ஏணி, அப்புறம் தொங்கு பாலம். உங்களுக்காகவே போறோம், நீங்கதான் முதல்ல ஏறணும்."

"நா... நானா?"

"பின்ன யாரு? இந்தத் தடவை இவளை விட்டுட்டுப் போவோம்."

"இல்ல, நானும் வருவேன்," என்றாள் குருவி பிடிவாதமாக.

"எதுக்கு, மறுபடியும் கெடுக்கவா?" என்று எல்லோரும் சலித்துக்கொண்டார்கள்.

தொங்கு பாலம் என்றதுமே சித்தப்பாவுக்குக் காபி புரையேறிவிட்டது. கண்ணில் தண்ணீர் வர இருமினார்.

பக்கத்தில் இருந்த குருவி எழுந்து அவர் உச்சந்தலையில் தட்டினாள். தட்டுகிற சாக்கில் குனிந்து, அவர் காதில் மட்டும் விழும்படி சொன்னாள்:

"பயப்படாதீங்க சித்தப்பா. அடுத்த வாரமும் எனக்குக் கால் சுளுக்கிக்கும்."