இரண்டு சில்வண்டுகளுக்கு நடுவே

அந்தி வண்டு கத்திவிட்டது. எனக்குக் கைகால் ஓடவில்லை.

எங்கள் காட்டில் நேரம் சொல்வது இரண்டு சில்வண்டுகள்தான். விடியல் வண்டு அடிமரத்திலிருந்து ஒற்றைக் குரலில், மெல்ல இழுத்து இழுத்துப் பாடும். அந்தி வண்டுக்கு அந்தப் பொறுமை கிடையாது. உச்சிக் கிளைகளில் ஆயிரம் சேர்ந்து அலறிவிட்டு, வெட்டினாற்போல் நிறுத்தும். இரண்டுக்கும் நடுவே ஒரு முழுப் பகலோ முழு இரவோ கட்டாயம் இருக்கும்.

என் மனைவி சாபி இருந்த பிரசவக் குடிசைக்குள் ஆண்கள் போகக்கூடாது. வெளியே விறகுக் கட்டின் மேல் என்னை உட்காரவைத்துவிட்டு, பிரசவம் பார்க்கும் ஹாமே அக்கா சொல்லியிருந்தாள்.

"சாபிக்கு இன்னும் பிள்ள எறங்கலடா. வெயில் தணிஞ்சதும் குரல் குடு, ஆத்துக்கு அக்கரை மருந்தகத்துக்குத் தூக்கிட்டுப் போயிரலாம். அந்தி வண்டு கத்திட்டா ஒருத்தனும் ஆத்துல எறங்க மாட்டான்."

மதியம் தின்ற சாகோ மர மாவுக் களியின் பிசுபிசுப்பு விரலில் இன்னும் காயவில்லை. அதற்குள் அந்தியா? முதுகில் வெயில் இல்லை. சில்லென்று காற்று. உட்கார்ந்தபடியே தூங்கித் தொலைத்திருக்கிறேன்.

ஊர்ப் பக்கமிருந்து ஒப்பாரி கிளம்பியது. ஆண்களும் அழுதார்கள். சாபி போய்விட்டாள் என்று நினைத்தேன். என் தூக்கம் அவளைக் கொன்றுவிட்டது.

வண்டுகள் வெட்டினாற்போல் நிறுத்தின.

ஒரு வாய் களி மெல்லும் நேரம்கூட ஆகியிருக்காது. அடிமரத்திலிருந்து மெல்லிய ஒற்றைக் குரல் இழுத்தது.

விடியல் வண்டு.

மூச்சை அடக்கிக் கேட்டேன். அதேதான். ஒரு முழு இரவை யாரோ அப்படியே விழுங்கிவிட்டார்கள்.

அந்தக் குரலோடு, குடிசைக்குள்ளிருந்து இன்னொரு குரலும் சேர்ந்துகொண்டது. அதை நான் அதுவரை கேட்டதில்லை.

ஹாமே அக்கா வெளியே ஓடிவந்தாள். அவள் மேல் ரத்த வாடை.

"சாபி நல்லாருக்கா. பட்டப்பகல்ல சூரியன் அவிஞ்சுபோயி மறுபடி வந்திருக்கு, ஊரே அலறுது, நீ பாட்டுக்கு வெறகு மேல உக்காந்திருக்க. அந்த இருட்டுலதான் பொறந்தா. பொண்ணு. இந்தா, மொகத்தப் பாரு."

அவசரத்தில் மறந்துவிட்டாள். என்னிடம் இதுவரை யாரும் எதையும் பார்க்கச் சொன்னதில்லை. நான் பிறவிக் குருடன்.

குழந்தையை மடியில் வாங்கி, விரலால் பார்த்தேன். நெற்றி, மூக்கு, ஈரமான உதடு. இமைகளுக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. ஒன்பது மாதமாக எனக்கிருந்த பயம் அங்கேதான் இருந்தது.

முதுகில் மறுபடி வெயில் சுட்டது. அந்தப் பக்கமாகத் திரும்பி, அவள் முகத்தை வெயிலுக்குக் காட்டினேன்.

என் விரலடியில் இரண்டு இமைகளும் கூசிச் சுருங்கின.